ஒன்பதாம் வகுப்பு மார்க்கை யார் எண்ணுகிறார்கள்?

ஜனவரி 14, 2025. ஒரு வாசகியின் கேள்வி

டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முதல் செமஸ்டர் ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஜியாமெட்ரி 81, பயாலஜி 84, மற்றதெல்லாம் 90-க்கு மேல். ரெண்டு நாளாக அழுகை. அவள் அப்பா, "பதினொன்றும் பன்னிரண்டும்தான் பார்ப்பார்கள், ஒன்பதாவதை யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், "ஆஸ்டின் போச்சு" என்கிறார்கள், ஆஸ்டினில் இருக்கிற டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தைத்தான். கலிபோர்னியாவில் ஒன்பதாவதைச் சேர்க்கவே மாட்டார்களாம். எது உண்மை?

ஜனவரி 14, இரவு

முதலில் குழந்தையைச் சாப்பிடவைத்துத் தூங்க அனுப்புங்கள். 81-க்காக அழ வேண்டியதில்லை. ஆனால் அவள் அப்பா சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெக்ஸஸில் அது செல்லாது.

கலிபோர்னியாவின் யூசி பல்கலைக்கழகங்கள், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான்டியகோ முதலான ஒன்பது வளாகங்களும், ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, போடும்போது ஒன்பதாவது முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களைத்தான் சேர்க்கிறார்கள். அந்த அளவுக்கு நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் விண்ணப்பத்தில் ஒன்பதாவது பாடங்களையும் கிரேடையும் எழுதத்தான் வேண்டும். கட்டாயம் முடிக்க வேண்டிய 15 பாடங்களில் ஒன்பதாவதில் எடுத்ததும் வரும். அதில் சி-க்குக் கீழே வாங்கினால் அந்தப் பாடம் முடித்ததாகவே ஆகாது. கூட்டலில் சேராது, அவ்வளவுதான். கண்ணில் படும்.

டெக்ஸஸ் கதை வேறு. இங்கே சட்டமே ரேங்கின் மேல் நிற்கிறது. 1996-இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பு, அட்மிஷனில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்றது. அதற்கு மாற்றாக 1997-இல் டாப் டென் பர்சென்ட் சட்டம் வந்தது. பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் கூட்டம் தாங்கவில்லை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, டெக்ஸஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம் வரை மட்டும் இப்படி நிரப்பினால் போதும் என்று விட்டார்கள். அதனால் ஆஸ்டினுக்கு மட்டும் அளவு இறங்கிக்கொண்டே வந்து 6 சதவீதத்தில் நின்றது. 2026-இல் சேருகிறவர்களிலிருந்து 5 சதவீதம் என்று போன செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

அந்த ரேங்க் எதிலிருந்து வருகிறது? ஒன்பதாவதிலிருந்து. பன்னிரண்டாவது ஆரம்பத்தில் விண்ணப்பம் போகிறது. அப்போது கையில் இருப்பது மூன்றே வருட மார்க். பன்னிரண்டாவது மார்க் இன்னும் வந்திருக்காது. ஆக ஒன்பதாவது என்பது நான்கில் ஒரு பங்கு அல்ல, மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கு யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. ஒன்பதாவதில் சராசரி 88 வாங்கிய பிள்ளை அடுத்த இரண்டு வருடமும் 96 வாங்கினாலும் மொத்தம் 93.3-தான்.

உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. வருடத்துக்கு ஏழு பாடம் என்று வைத்தால் ஆறு செமஸ்டரில் 42 மார்க். அதில் இரண்டு மட்டும் இறங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் 95 என்றால், இந்த இரண்டும் சேர்ந்து இழுப்பது 0.6 புள்ளி. இது ஆஸ்டினை மூடிவிடாது. போட்டி நெருக்கமான பெரிய பள்ளியில் இந்த 0.6-க்குள்ளும் ஆட்கள் இருப்பார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜனவரி 15

உங்கள் வீட்டுக்காரர் அப்படிச் சொல்வது ஏன் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்தது.

நாங்கள் தமிழ்நாட்டில் படித்த காலத்தில் பிளஸ் ஒன் என்று ஒரு வருடம் இருந்ததே பேருக்குத்தான். ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள் எங்கள் பள்ளியில். கட்-ஆஃப் 300-க்கு. அதில் 200 பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியலிலிருந்து. மீதி 100 நுழைவுத் தேர்விலிருந்து. ஒன்பதாவதில் நான் என்ன வாங்கினேன் என்று என் அம்மாவுக்கே தெரியாது. நுழைவுத் தேர்வு போன பிறகு 200 மட்டும் நின்றது. எப்படியும் கடைசிப் பரீட்சைதான் தீர்ப்பு. அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு, முன்னால் எப்படிப் படித்தாலும் கடைசியில் எழுந்து நின்றால் போதும் என்பது ரத்தத்தில் ஊறிய பாடம்.

அமெரிக்காவில் கடைசிப் பரீட்சை என்று ஒன்றே கிடையாது. கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு இருக்கிறது. எம்ஐடி 2022-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024-இல் கொண்டுவந்தன. ஆஸ்டினும் கேட்கிறது. ஆனால் யூசி அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிற இடங்களிலும் எஸ்ஏடி 1550 ஒரு கெட்ட ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லா வருட மார்க்கும் உள்ள பட்டியலை, அழிக்காது. இங்கே தீர்ப்பு என்பது செமஸ்டர் செமஸ்டராகச் சேர்கிறது, யாரும் மணி அடித்துச் சொல்லாமல்.

தமிழ்நாட்டிலும் ஒரு தடவை கணக்கு தலைகீழானது. 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பரீட்சை ரத்து. மதிப்பெண்ணைப் பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாவதின் செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று போட்டார்கள். என் தங்கை மகன் அந்த வருடத்துப் பிள்ளை. பத்தாவதில் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தவன், பிளஸ் டூவில் உட்கார்ந்து படித்தான். எழுதக் காத்திருந்த பரீட்சை வரவே இல்லை. மறந்துபோன பத்தாவது வந்து பாதி கட்-ஆஃப் ஆனது. அந்த ஒரு வருடம் அவனுக்கு நடந்தது இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா வருடமும் நடக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

ஜனவரி 20

இன்னொருவர் கேட்கிறார்: அப்படியானால் ஆனர்ஸ் என்கிற கடினமான வகுப்பை விட்டு ரெகுலர் வகுப்புக்கு மாற்றிவிட்டால் 97 வந்துவிடுமே?

மாற்றுவதற்கு முன்னால் உங்கள் பள்ளி மாவட்டத்தின் ஜிபிஏ விதியைத் தேடி எடுத்துப் படியுங்கள். மாநிலச் சட்டம் பத்து சதவீதம் என்று சொல்கிறதே தவிர, ரேங்க் எப்படிப் போடுவது என்பது மாவட்டத்தின் கையில். சில மாவட்டங்களில் கல்லூரித் தரப் பாடமான ஏபி-க்கு மார்க்கில் கூடுதல் எடை, ஆனர்ஸுக்கு அதில் பாதி. சில இடங்களில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகம், மொழி மட்டும் ரேங்கில் சேரும். சில இடங்களில் எல்லாமே சேரும். எல்லாமே சேருகிற இடத்தில் எடை இல்லாத ஆர்கெஸ்ட்ராவில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் வெயிட்டட் சராசரி இறங்கும். வயலினை விட்ட பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். பத்து வயதிலிருந்து வாசித்த பிள்ளை, ரேங்குக்காகப் பெட்டியை மூடிவைக்கிறது. எனக்கு அது ஒப்புக்கொள்ளவே முடியாத விஷயம். அப்படி ஒரு முடிவை ஒன்பதாவதில் எடுக்கச் சொல்லாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு மாதிரி பார்க்கின்றன. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஒரு படிவம் வெளியிடும். கல்லூரிப் பெயரோடு அதைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற பகுதியில் எதை எவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறோம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். முதல் வரி ஜிபிஏ அல்ல, 'பாடங்களின் கடினம்' என்கிற வரி. ஜிபிஏ தனி வரி, ரேங்க் தனி வரி. உங்கள் மனதில் இருக்கிற கல்லூரியின் சி7-ஐ ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் ஆயிரம் பேர் சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் தெளிவு.

பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அனுப்பும் ஸ்கூல் ப்ரொஃபைலும் கூடவே போகும். இந்தப் பள்ளியில் எத்தனை ஏபி உண்டு, கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆகவே 81 என்பது ஆனர்ஸ் ஜியாமெட்ரியில் 81 என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 6

அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்திருக்கும். ஒன்பதாவது பற்றி இவ்வளவு பேசியதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மார்க்கைவிட, எந்தக் கணக்குப் பாடத்தில் நிற்கிறாள் என்பது.

அல்ஜீப்ரா ஒன்று, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீ-கால்குலஸ், கால்குலஸ். வரிசை இது. பன்னிரண்டாவதில் கால்குலஸ் எடுக்க வேண்டுமென்றால் ஒன்பதாவதில் ஜியாமெட்ரியில் இருக்க வேண்டும். அதாவது எட்டாவதிலேயே அல்ஜீப்ரா முடிந்திருக்க வேண்டும். இன்ஜினியரிங்கோ கம்ப்யூட்டர் சயின்ஸோ கேட்கிற பிள்ளைக்கு இந்த வரிசை 81-ஐவிடப் பல மடங்கு பெரிய விஷயம். உங்கள் மகள் ஒன்பதாவதில் ஜியாமெட்ரியில் இருக்கிறாள். சரியான படியில்தான் நிற்கிறாள். அங்கிருந்து இறக்காதீர்கள்.

இந்த வரிசை ஊருக்கு ஊர் பெரிய சண்டை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2014-இல் எட்டாவதிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்பதாவதில் என்று வைத்தார்கள். யாரும் பின்தங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பெற்றோர் விடவில்லை. கோடை வகுப்பு, வெளிப் பாடம் என்று காசு உள்ளவர்கள் வேறு வழியில் ஏறிக்கொண்டார்கள். கடைசியில் 2024-இல் திரும்ப எட்டாவதுக்குக் கொண்டுவரப் பள்ளி வாரியம் வாக்களித்தது. டெக்ஸஸ் எதிர்த்திசையில் போனது. 2023-இல் வந்த சட்டப்படி, ஐந்தாவது கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளை ஆறாவதில் மேம்பட்ட கணக்கு வகுப்பில் பள்ளியே சேர்த்துவிட வேண்டும், பெற்றோர் வந்து கேட்கத் தேவையில்லை. இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கதவு திறக்கிற வழக்கத்தை அது உடைக்கிறது.

தாமதமாகத் தொடங்கிய பிள்ளைக்கும் வழி உண்டு. பத்தாவதில் ஜியாமெட்ரியும் அல்ஜீப்ரா இரண்டும் ஒன்றாக எடுக்கலாம். கோடையில் ஒன்றை முடிக்கலாம். கால்டெக் கால்குலஸ் கட்டாயம் என்று வைத்திருந்தது. பல பள்ளிகளில் அந்த வகுப்பே இல்லை என்பதால் 2023-இல் கான் அகாடமியில் படித்துத் தேறிக் காட்டினாலும் போதும் என்று தளர்த்தியது.

மார்ச் 3

என் மூத்தவன் கதையைக் கேட்டிருந்தீர்கள்.

அவன் ஒன்பதாவது படிக்கும்போது பாதி வருடத்தில் ஃப்ரீமான்ட்டிலிருந்து டெக்ஸஸுக்கு வந்தோம். வேலை அப்படி. கலிபோர்னியாவில் ஏ, பி என்று எழுத்து. இங்கே 70, 85, 96 என்று எண். புதிய பள்ளி மாவட்டத்தில் எழுத்தை எண்ணாக்குவதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஏ என்றால் எவ்வளவு உழைத்து வாங்கிய ஏ-யாக இருந்தாலும் ஒரே எண். பழைய பள்ளியின் ஆனர்ஸ் வகுப்புகளை இங்கே ரெகுலர் என்று பதிந்துவிட்டார்கள். பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியோடு ரெஜிஸ்ட்ராரிடம் போய் நின்றேன். ஒன்றை மாற்றினார்கள், மற்றதை மாற்றவில்லை. வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்டுவதற்கு முன்னால் பழைய பள்ளியில் பாட விளக்கங்களைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அது போக, அவன் அந்த வசந்த காலத்தில் உள்ளுக்குள் ஒடுங்கிப்போனான். மதிய உணவு நேரத்தில் சேர்ந்து உட்கார ஆள் இல்லை. மார்க் இறங்கியது. நான் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை, பேச வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். பத்தாவதில் ரோபாட்டிக்ஸ் குழுவில் சேர்ந்தான், தோழர்கள் கிடைத்தார்கள், மார்க் தானாக ஏறியது. பதினொன்றாவது முடிவில் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தான், ஆஸ்டின் கேட்ட ஆறுக்குள் வரவில்லை. இடையில் நின்றது அந்த ஒன்பதாவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான டெக்ஸஸ் ஏ அண்ட் எம் இன்னும் பத்து சதவீதத்தைத்தான் எண்ணுகிறது, அங்கே இன்ஜினியரிங் சேர்ந்தான். நன்றாக இருக்கிறான்.

ட்ரான்ஸ்கிரிப்டை முதன்முதலாக அச்செடுத்துப் பார்த்த அன்று அவன் கேட்டான்: "எட்டாவது அல்ஜீப்ராகூட இருக்கு. தேடினா எல்கேஜியும் இருக்குமாம்மா?" எட்டாவதில் எடுக்கும் ஹைஸ்கூல் பாடம் ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறுவது இங்கே சாதாரணம். ஜிபிஏவில் சேருமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதையும் விதியில் பாருங்கள்.

மார்ச் 4

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரேங்க் கணக்கில் மட்டும் ஒன்பதாவது முக்கியம் என்பதுபோல் தொனிக்கிறது. அதற்கு மேலும் உண்டு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005-இல் சிகாகோ அரசுப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒன்பதாவது முடிவில் ஒரு பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகத் தேவையான அளவு பாடங்களில் தேறி, முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் ஃபெயில் ஆகாமல் இருந்தால் 'தடத்தில் இருக்கிறது' என்று பெயர் வைத்தார்கள். தடத்தில் இருந்த பிள்ளைகள் நான்கு வருடத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. எட்டாவதில் அந்தப் பிள்ளை தேர்வில் என்ன வாங்கியது என்பதைவிட இது நன்றாக முன்கூட்டிச் சொன்னது. 2017-இல் அதே குழு ஒன்பதாவது ஜிபிஏவை எடுத்துப் பார்த்தது. பதினொன்றாவது ஜிபிஏவுக்கும் கல்லூரிக்குப் போவதற்கும் அது நல்ல அறிகுறி என்று வந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள். அந்த நகரத்தில் இந்த ஆய்வை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பள்ளிகள் ஒன்பதாவதுப் பிள்ளைகளை வாராவாரம் பார்க்க ஆரம்பித்தன. யார் வரவில்லை, யாருக்கு எந்தப் பாடத்தில் இறங்குகிறது என்று அக்டோபரிலேயே கூப்பிட்டுப் பேசினார்கள். வருட முடிவில் கண்டுபிடிப்பதில் பயனில்லை. வீட்டில் நாம் செய்யக்கூடியதும் அதுதான். 81 எப்படி வந்தது? வீட்டுப்பாடம் தாமதமாகக் கொடுத்ததாலா, பரீட்சையில் தடுமாறியதாலா, ப்ரூஃப் எழுதுவது புரியாததாலா? ஜியாமெட்ரியில் நிறையப் பிள்ளைகள் ப்ரூஃபில்தான் விழுகிறார்கள். அதுவரை விடை கண்டுபிடித்தால் போதும், இங்கே ஏன் என்று வரிசையாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 11

தமிழ்ப் பள்ளி பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், பல ஊர்களில் தமிழுக்கு ஹைஸ்கூல் மொழிப்பாட க்ரெடிட் வாங்கலாம். கலிபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ்ப் பள்ளிகள் இதற்காகப் பல வருடம் உழைத்திருக்கின்றன. டெக்ஸஸில் தேர்வு எழுதி க்ரெடிட் பெறும் வழி உண்டு. க்ரெடிட் ஏறுவது வேறு, ஜிபிஏவில் ஏறுவது வேறு, முன்பே விசாரியுங்கள். இரண்டு மொழி எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்கு பைலிட்டரசி முத்திரை என்று டிப்ளோமாவில் ஒன்று போடுகிறார்கள். 2011-இல் கலிபோர்னியாதான் முதலில் சட்டமாக்கியது. என் மகள் தமிழில் அதற்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அட்மிஷனில் எவ்வளவு உதவும் என்று என்னைக் கேட்காதீர்கள். பாட்டியோடு பேசவும் படிக்கவும் வருகிறது, எனக்கு அது போதும்.

ஜூன் 22

கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார், தேவையில்லாமல் பயமுறுத்துகிறேனாம். அவர் ஊரில் அவர் சொல்வது சரி. ஒன்டாரியோவில் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாவதில் எடுக்கும் சிறந்த ஆறு பாடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. முன்கூட்டி இடம் தருவதற்குப் பதினொன்றையும் பார்ப்பார்கள். ஒன்பதாவது, பத்தாவதில் தேறாத பாடம் அங்கே ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறுவதே இல்லை. பதினொன்றிலிருந்துதான் ஃபெயிலானாலும் பதிவாகும். பதினான்கு வயதில் தடுக்கி விழுந்ததை ஓர் அரசாங்கமே எழுதிவைக்காமல் விடுகிறது. மனதுக்கு நிறைவான ஏற்பாடு. 2021-இலிருந்து ஒன்பதாவது கணக்கில் அகாடமிக், அப்ளைட் என்று பிரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று முத்திரை குத்தும் வேலை அதோடு குறைந்தது.

ஆனால் டொரான்டோவில் இருக்கிற அத்தை டாலஸில் இருக்கிற மருமகளுக்குச் சொல்லும் ஆலோசனையாக அது வந்தால் ஆபத்து. நம் வீடுகளில் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வாட்ஸப் குழு. யார் எந்த ஊர் விதியைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியாவில் இருக்கிறவருக்கும் சேர்த்து: உங்களுக்கு அட்மிஷனோடு பணமும் இதில் இருக்கிறது. ஹோப் உதவித்தொகைக்கு ஜிபிஏ 3.0, ஜெல் மில்லர் உதவித்தொகைக்கு 3.7, அதோடு எஸ்ஏடி 1200. இந்த ஜிபிஏவை முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்து மாநிலமே கணக்கிடுகிறது. பள்ளி போட்ட ஆனர்ஸ் எடையை எடுத்துவிடும். ஒன்பதாவது முதல் நாளிலிருந்து எண்ணும். பள்ளி ரிப்போர்ட்டில் 4.1 என்று இருந்ததை நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

ஆகஸ்ட் 12

தமிழ்நாட்டில் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டிலிருந்து இல்லை என்கிறார்கள். ஜனவரியில் எங்கள் பள்ளிக் கதையை எழுதியிருந்தேனே, அதை நிறுத்தத்தான் 2017-18-இல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள். பதினொன்றாவதுப் பாடத்தை நடத்தாமல் விடக் கூடாது என்று. பிள்ளைகளுக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு பெரிய பாரம்தான், அது குறைவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பதினொன்றாவது இயற்பியல் படிக்காத பிள்ளை ஜேஇஇ-யிலும் நீட்டிலும் பாதிக் கேள்வித்தாள் முன் திகைத்து நிற்கும். எண்ணப்படாத வருடத்தைப் பள்ளிகள் நடத்த வேண்டுமே என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இங்கே பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமான காமன் ஆப்பை இந்த மாதம் புதுப்பித்திருக்கிறார்கள். கொரோனாவுக்காக இருந்த பகுதியை 'சவால்களும் சூழ்நிலைகளும்' என்று மாற்றியிருக்கிறார்கள். கூடுதல் விவரம் எழுதும் இடம் 650 சொல்லிலிருந்து 300 ஆகிவிட்டது. ஒன்பதாவதில் வீட்டில் மரணம், நோய், இடமாற்றம் என்று உண்மையான காரணம் இருந்தால் அங்கே நான்கைந்து வரியில் எழுதலாம். என்ன நடந்தது, எப்போது, அதன் பிறகு என்ன ஆனது. என் மகன் இடம் மாறியதை அப்படித்தான் எழுதினான், கவுன்சிலரும் தன் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். காரணம் இல்லாத பி-க்குக் காரணம் தேடி எழுத வேண்டாம்.

செப்டம்பர் 30

கேள்வி கேட்ட வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஜியாமெட்ரியை இரண்டாம் செமஸ்டரில் 91-இல் முடித்துவிட்டு அல்ஜீப்ரா இரண்டு ஆனர்ஸில் இருக்கிறாளாம். ப்ரூஃப்தான் பிரச்சினையாம். டியூஷன் வைக்காமல், மதிய இடைவேளையில் ஆசிரியரிடமே போய் உட்கார்ந்திருக்கிறாள். ரொம்ப சந்தோஷம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அவர் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி: முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிச்சயமா? இல்லை. சட்டம் பல்கலைக்கழகத்துக்குள் இடம் தருகிறது, துறையைத் தராது. ஆஸ்டினில் கம்ப்யூட்டர் சயின்ஸ், காக்ரெல் இன்ஜினியரிங், மெக்கோம்ப்ஸ் பிசினஸ் எல்லாம் தனிப் போட்டி. அங்கே கட்டுரை, எஸ்ஏடி, செய்த வேலை எல்லாம் பார்ப்பார்கள். ஏ அண்ட் எம்மில் எல்லோரும் பொது இன்ஜினியரிங்கில் சேர்ந்து, முதல் வருடத்துக்குப் பிறகு துறை கேட்க வேண்டும். கல்லூரி ஜிபிஏ 3.75 இருந்தால் கேட்ட துறை தானாகக் கிடைக்கும். இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டும். என் மகனுக்கு ரேங்க் பேச்சு முடிந்தது என்று மூச்சுவிட்ட அதே ஆகஸ்டில் இது ஆரம்பித்தது. எந்த ஊரிலும் முதல் வருடம் தள்ளுபடி இல்லை என்பதை அவனே தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்று. டெக்ஸஸில் ரேங்க் மட்டும் போதாது. தானியங்கி இடத்துக்குப் பொதுவாக 'டிஸ்டிங்விஷ்ட் லெவல் ஆஃப் அச்சீவ்மென்ட்' என்கிற தகுதியோடு பள்ளி முடித்திருக்க வேண்டும். நான்கு வருடக் கணக்கு, அதில் அல்ஜீப்ரா இரண்டு, நான்கு வருட அறிவியல், ஓர் எண்டார்ஸ்மென்ட், அதாவது தேர்ந்தெடுத்த ஒரு துறைக்கான பாடத்தொகுப்பு. அந்த எண்டார்ஸ்மென்ட்டை ஒன்பதாவதில் நுழையும்போதே எழுத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம். எட்டாவதில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இந்தக் குளிர்காலத்தில் கவுன்சிலரைப் பார்க்கும்போது, எண்டார்ஸ்மென்ட் படிவத்தோடு உங்கள் பிள்ளை பள்ளி முடிக்கும் வருடத்துக்கான ஜிபிஏ விதியையும் கேட்டு வாங்குங்கள். விதி நடுவில் மாறினால் பல மாவட்டங்களில் ஒவ்வொரு ஆண்டுப் பிள்ளைகளுக்கும் தனி விதி இருக்கும். அண்ணனுக்கு இருந்தது தங்கைக்கு இருக்காது. என் வீட்டிலேயே இரண்டு விதிகள், இரண்டு கோப்புகள்.